கடை வேனும் கேரவனும்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆறு மாதம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், ஏதாவது பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். நம் வளாகத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது. பிக் பென் கடிகாரத்தை உங்களில் பலர் என்னைவிட நன்றாகவே பார்த்திருப்பீர்கள். அதனால் ஊர் சுற்றிய கதை வேண்டாம். என் மாப்பிள்ளை தன் கடை வேனில் ஒரு கேரவனை மாட்டி, எங்கள் ஆறு பேரையும் கார்ன்வால் கடற்கரைக்கு அழைத்துப் போனதை மட்டும் சொல்கிறேன். அந்தப் பயணத்தில் இருபது விநாடி எங்கள் உயிர் எங்கள் கையில் இல்லை. அதற்குக் காரணம் மாப்பிள்ளை இல்லை, நான்.

முதலில் கேரவன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஏசி போட்டு உட்காரும் பெரிய வண்டிதான் ஞாபகம் வரும். அங்கே அப்படியில்லை. இன்ஜின் கிடையாது. பெரும்பாலும் ஒரே அச்சு, இரண்டு சக்கரம். அதன் மேல் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள ஒரு குட்டி வீடு. காருக்கோ வேனுக்கோ பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். 1885ஆம் ஆண்டு கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர், பிரிஸ்டலில் ஒரு வண்டிப் பட்டறையில் சொல்லிச் செய்து, இரண்டு குதிரை பூட்டி, அதிலேயே ஸ்காட்லாந்து வரை போனாராம். 1919இல் மோட்டார் காருக்குப் பின்னால் மாட்டும் கேரவனை பர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் கம்பெனி செய்ய ஆரம்பித்தது. இன்றைக்கும் கோடை விடுமுறை வந்தால் நெடுஞ்சாலையில் வரிசையாக இந்த வெள்ளைப் பெட்டிகள்தான்.

மாப்பிள்ளை கவன்ட்ரியில் ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். மொத்தக் கடையிலிருந்து சரக்கு எடுத்துவர ஒரு வேன். முன்னால் இரண்டு வரிசை இருக்கை, ஆறு பேர் உட்காரலாம், பின்னால் சரக்குக்கு மூடிய இடம். ஒரு நண்பரோடு சேர்ந்து பழைய கேரவன் ஒன்று வாங்கியிருந்தார். "கார் இழுக்கிறதை விட வேன் நல்லாவே இழுக்கும் மாமா, இது ரெண்டு டன் சரக்கு வண்டி" என்றார். நானும் நம்பினேன். பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை.

புறப்படும் முன்பே ஒரு சிக்கல். முன்பதிவு செய்ய என் மகள் ஒரு கேரவன் முகாமுக்குப் போன் செய்தாள். எல்லாம் பேசி முடித்த பிறகு, "என்ன வண்டியில் வருகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். வேன் என்றதும், "பக்கத்தில் கடைப் பெயர் எழுதியிருக்கிறதா?" என்றார்களாம். எழுதியிருக்கிறது, அதுவும் ஓர் அடி உயர எழுத்தில். "வணிக வாகனங்களை அனுமதிப்பதில்லை" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார்கள். அங்கே பல முகாம்களில் இந்த விதி இருக்கிறது. தொழில் செய்பவர்கள் வேனோடு வந்து வாரக்கணக்கில் தங்கி, அங்கிருந்தே வேலைக்குப் போய்விடுவார்கள், மற்றவர்களின் விடுமுறைச் சூழல் கெடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். மகளுக்கு முகம் வாடிவிட்டது. "நாங்களும் லீவுக்குத்தானேப்பா போறோம்" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. நம் வளாகத்திலும் கம்பெனி பெயர் போட்ட வண்டிகள் இரவில் விருந்தினர் நிறுத்தத்தில் நிற்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டோமே, அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். மூன்றாவதாகப் பேசிய முகாமில் இடம் கொடுத்தார்கள். வேனில் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது இன்சூரன்ஸ். இங்கே நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். முப்பத்தைந்து வருடம் வங்கியில் படிவம் படித்த கண், பாலிசியை வாங்கிப் பார்த்தேன். "சொந்தச் சரக்கு ஏற்றிச் செல்ல" என்று மட்டும் இருந்தது. குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போவது அதில் வராது. "மாப்பிள்ளை, ஒரு போன் போடுங்க" என்றேன். போட்டார், சொந்த உபயோகத்தையும் கேரவன் இழுப்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் போன் போடாமல் போயிருந்தால், ஏதாவது நடந்திருந்தால், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் ஆகியிருக்கும்.

பிறகு எடைக் கணக்கு. வேனின் கதவோரம் ஒரு தகடு இருக்கும். அதில் நான்கு எண்கள். முதலாவது, ஆள், சரக்கு எல்லாம் சேர்ந்து வேன் எவ்வளவு எடை இருக்கலாம் என்பது. இரண்டாவது, வேனும் அது இழுப்பதும் சேர்ந்து எவ்வளவு என்பது. மூன்றும் நான்கும் முன் அச்சு, பின் அச்சு தாங்கும் எடை. எங்கள் வேனில் முதல் எண் 3,000 கிலோ, இரண்டாவது 4,900. கழித்தால் 1,900. கேரவன் தகட்டில் அதிகபட்ச எடை 1,400. நன்றாகவே இடம் இருந்தது. புதிதாக இழுப்பவர்களுக்கு அங்கே இன்னொரு அறிவுரையும் சொல்கிறார்கள்: கேரவனின் எடை, இழுக்கும் வண்டியின் வெறும் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று. வேனின் வெறும் எடை 2,050, அதில் 85 சதவீதம் 1,742. நாங்கள் 68 சதவீதத்தில்தான் இருந்தோம். ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கூட்டி, கீழே இரட்டைக் கோடு போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

பி.காம். படித்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டது என்பதாலேயே கணக்கு சரி என்று ஆகாது என்பது முதல் வருடப் பாடம். தொகை சரியாக இருக்கும், தவறான தலைப்பில் எழுதியிருப்போம். அதைத்தான் நான் செய்தேன்.

புறப்படும் நாள் காலையில் சாமான் ஏற்றும் வேலையை என்னிடம் விட்டார்கள். கேரவனின் கடைக்கோடியில் குளியலறை. வழியில் யாரும் குளிக்கப் போவதில்லை, கதவு வேறு இருக்கிறது, சாமான் உருளாது என்று அங்கேயே அடுக்கினேன். இருபது கிலோ அரிசி மூட்டை. என் மனைவியின் பிடிவாதத்தில் வெட் கிரைண்டர். பருப்பு, எண்ணெய், தேங்காய். வெளியே போடும் கூடாரத் துணியும் கம்பிகளும். முகாமில் தண்ணீர் எப்படி இருக்குமோ என்று இருபது லிட்டர் கேன் இரண்டு, நிறைய. மொத்தம் ஏறக்குறைய 110 கிலோ. வேனின் பின்பக்கம் இரண்டு பெட்டிகளோடு கிட்டத்தட்டக் காலியாகக் கிடந்தது. "அதில் வையுங்களேன்" என்று மகள் சொன்னாள். "இழுக்கிற மாட்டின் முதுகிலேயா மூட்டையை வைப்பார்கள்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிரிஸ்டல் தாண்டி, எம்5 நெடுஞ்சாலையில் கிளீவ்டன் பக்கம் ஒரு சரிவு. டிரெய்லர் இழுக்காத வேன் நெடுஞ்சாலையில் 70 மைல் வேகம் போகலாம், இழுத்தால் 60தான். ஒருவழிப் பாதையாகப் பிரிக்காத சாதாரணச் சாலையில் 50. மூன்று தடம் உள்ள நெடுஞ்சாலையில் வலது ஓரத் தடத்துக்கே போகக் கூடாது. மாப்பிள்ளை இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்துத்தான் வந்தார். சரிவில் பின்னால் இருந்த எடை தள்ள, முள் 60ஐக் கொஞ்சம் தாண்டியது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய லாரி எங்களை ஒட்டிக் கடந்தது.

வேனில் பின்கண்ணாடி வழியாகப் பார்க்க வழியில்லை, நடுவே தகரச் சுவர். பக்கக் கண்ணாடிகள்தான், அதற்கு மேல் நீட்டு வைத்த கண்ணாடிகள். கேரவன் வண்டியைவிட அகலமாக இருந்தால் அவை கட்டாயம், இல்லாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் மூன்று புள்ளி. நான் முன்வரிசையில் இடது ஓரம். என் பக்கக் கண்ணாடியில் கேரவன் முழுசாகத் தெரிந்தது. அடுத்த நொடி காணோம். மறுபடி தெரிந்தது, முன்னைவிட அதிகமாக. வேனின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டுவது மாதிரி இருந்தது. பேத்தி "தாத்தா" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். நான் "பிரேக் பிடிங்க, பிரேக் பிடிங்க!" என்று கத்தினேன்.

நல்லவேளை, அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். ஆட்டம் பெரிதாகி, பிறகு சிறிதாகி, 45 மைல் வேகத்துக்கு வந்ததும் நின்றது. அந்த நேரத்தில் ஓங்கி பிரேக் அடித்தாலோ, ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பினாலோ கேரவன் கத்தரிக்கோல் மாதிரி மடங்கி வேனையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். "சாலை விதிப் புத்தகத்துல படிச்சது மாமா, அது ஒண்ணுதான் ஞாபகம் வந்துச்சு" என்றார் பிறகு.

வலது ஓரத்தில் போன கார்க்காரர் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகு செட்ஜ்மூர் ஓய்விடம் வரை யாரும் பேசவில்லை.

அங்கே கேரவன்கள் நிற்கும் பகுதியில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார தம்பதி, இருவருக்கும் எழுபதுக்கு மேல். எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. "ஆடியதா?" என்று கேட்டார். "பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. குளியலறைக் கதவைத் திறந்து காட்டினேன். அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் பார்த்தார். சிரிக்கவில்லை. தன் வண்டியிலிருந்து குழாய் மாதிரி ஒரு கருவியை எடுத்துவந்தார். கேரவனைக் கழற்றி, அதன் மூக்குப் பகுதியை அந்தக் கருவியின் மேல் உட்காரவைத்தார். 35 கிலோ காட்டியது.

இதற்கு நோஸ் வெயிட் என்று பெயர். கேரவனின் மூக்கு, வேனின் கொக்கிப் பந்தின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்கிற எடை. கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். எங்களுக்கு 70 கிலோவாவது வேண்டும், இருந்தது அதில் பாதி. எடை குறைந்தால் மூக்கு வேனை அழுத்திப் பிடிக்காது, வால் கனத்து, சின்னக் காற்றுக்கும் ஊசல் மாதிரி ஆட ஆரம்பிக்கும். அதற்காக அளவுக்கு மீறியும் போகக் கூடாது. இழுக்கும் வண்டி, அதன் கொக்கி, கேரவனின் இணைப்பு மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. அதில் எது குறைவோ அதுதான் கணக்கு. எங்களுக்கு அது 100 கிலோ.

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உடம்பு கூசியது. என் சின்ன வயதில் தாத்தா ஊரில் மாட்டு வண்டியில் ஏறாத நாள் இல்லை. ஆட்கள் ஏறியதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "பின்பாரமா இருக்கு, முன்னால தள்ளி உக்காருங்க" என்பார். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டுக்குக் கழுத்தில் கயிறு இறுகும். முன்பாரம் அதிகமானால் கழுத்து அமுங்கும். பத்து வயதில் எனக்குத் தெரிந்த விஷயம் இது. அறுபது தாண்டி, 110 கிலோவைக் கடைக்கோடியில் வைத்துவிட்டு, மாட்டின் முதுகைப் பற்றி வேறு தத்துவம் பேசியிருக்கிறேன்.

சாமான் முழுவதையும் வேனுக்கு மாற்றினோம், பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், தரையோடு. தண்ணீர் கேன்களை அங்கேயே கவிழ்த்துவிட்டோம், முகாமில் குழாய் இல்லாமலா இருக்கும் என்று அந்த அம்மாள் கேட்டார். மறுபடி மூக்கை நிறுத்திப் பார்த்தால் 85.

வேனைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். வேன் உயரமாக இருப்பதால் கேரவனின் முகத்தில் அடிக்கும் காற்றைப் பெருமளவு தடுத்துவிடும், கனமாகவும் இருக்கும், அது நல்லது. ஆனால் பல வேன்களில் பின் சக்கரத்துக்குப் பின்னால் உடம்பு நீளமாக நீண்டிருக்கும், கொக்கி அதற்கும் கடைசியில். கேரவன் ஒரு பக்கம் தள்ளினால் அந்த நீளம் கடப்பாரை மாதிரி வேலை செய்து வேனைத் திருப்பும். மூக்கின் 85 கிலோவும் அதே கடப்பாரைக் கணக்கில் பின் அச்சில் 85க்கு மேலாகவே விழும், முன் சக்கரம் அந்த அளவுக்கு லேசாகும். தகட்டில் அச்சுக்குத் தனி எண் போட்டிருப்பது அதனால்தான். சரக்கு நிறைய ஏற்றிய வேனில் கேரவனையும் மாட்டினால், மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சு வரம்பைத் தாண்டிவிடலாம்.

கார்ன்வாலில் இரண்டாவது நாள், பொது எடைமேடை ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேரவனை மட்டும் நிறுத்தினோம். 1,345 கிலோ. நான் எடுத்துவிட்ட 110ஐக் கூட்டினால் 1,455. அதாவது புறப்பட்டபோது தகட்டு எடையை விட 55 கிலோ அதிகம். நான் இரட்டைக் கோடு போட்ட தாளில் 1,400 என்பது கேரவன் தாங்கும் எடை, அதன் உண்மையான எடை அல்ல. வெறும் கேரவன் 1,230 என்று தகவல் தாளில் இருந்தது. ஆனால் பழைய சொந்தக்காரர், கேரவனைக் கையால் தள்ளாமல் நகர்த்த ஒரு மோட்டார் பொருத்தியிருந்தார். அது முப்பது கிலோவுக்கு மேல். பெரிய பேட்டரி ஒன்று. இவையெல்லாம் நாம் ஏற்றும் சாமான் கணக்கில்தான் சேரும். விற்றவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பழைய கேரவன் வாங்குபவர்கள் தகட்டை நம்பாமல் எடைமேடைக்கு ஒரு முறை போய்வர வேண்டும். டயரையும் பார்க்க வேண்டும், ரப்பர் தேயாமலே வயதாகிவிடும்.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 1997 ஜனவரி 1 முதல் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள், இவ்வளவு எடையை இழுக்க முன்பு தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது தேவையில்லை, 3,500 கிலோ வரை சாதாரண லைசென்ஸிலேயே இழுக்கலாம். வசதிதான். ஆனால் தேர்வு இல்லை என்றதும் பழகவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அரை நாள் பயிற்சி கொடுக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், மாப்பிள்ளை திரும்பி வந்த பிறகுதான் போனார்.

திரும்பும் வழியில் ஒரு சின்ன ஆசை வந்தது அவருக்கு. பிரிஸ்டலில் ஒரு மொத்த வியாபாரியிடம் மலிவாகச் சரக்கு இருக்கிறது, வேன்தான் காலியாயிற்றே, ஏற்றிக்கொள்ளலாமா என்று. வேண்டாம் என்று விட்டோம். குடும்பப் பயணமாக இருக்கும்வரை, வேனும் கேரவனும் சேர்ந்து 7.5 டன் வரை ஓட்டுநர் நேர விதிகளிலிருந்து விலக்கு உண்டு. வியாபாரச் சரக்கு ஏறிவிட்டால் அந்த விலக்கு போய்விடும். இரண்டும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட எடை 3.5 டன்னைத் தாண்டுவதால் டாக்கோகிராஃப் கருவி, ஓய்வு நேரக் கணக்கு எல்லாம் வந்து நிற்கும். நாலு பெட்டி சமையல் எண்ணெய்க்காக அது தேவையா?

கம்பெனி கொடுத்த வேனில் போகலாம் என்று உங்கள் பிள்ளைகள் யாராவது நினைத்தால், வரியையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போய்வரவும், எப்போதாவது வழியில் ஒரு கடையில் நிறுத்தவும் அந்த வேனை வைத்துக்கொண்டால் வரி இல்லை. ஒரு வார விடுமுறைக்கு எடுத்துப் போனால் அது சில்லறை உபயோகம் ஆகாது என்று அங்கே வரித்துறையே உதாரணம் காட்டியிருக்கிறது. 2024-25இல் அதற்கு 3,960 பவுண்டு வருமானமாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 20 சதவீத வரி கட்டுபவருக்கு 792 பவுண்டு. அந்தப் பணத்துக்கு நல்ல விடுதியிலேயே தங்கிவிடலாம்.

எடைமேடையில் கொடுத்த ரசீதைக் கேரவன் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். நாங்களும் அந்தக் கருவி ஒன்று வாங்கினோம். போன வாரம் மகள் பேசினாள். வேல்ஸ் பக்கம் நாலு நாள் போய்வந்தார்களாம், மூக்கைப் பேத்திதான் எடை பார்த்தாளாம். கிரைண்டர் வேனில் போயிருக்கிறது. தண்ணீர் கேன் போகவில்லை.

கேள்விகள் இருந்தால் டீ குடித்துக்கொண்டே பேசலாம். வேன் தகட்டின் படம் என் போனில் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள்.